அட்டை மாத்திரையும் அயல்நாட்டுச் சட்டமும்

வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் கசகசாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரைத்த மசாலாவில்கூட அது இருந்துவிடக் கூடாது என்று அம்மாக்களுக்குத் தெரியும். துபாயில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. சொல்லிச் சொல்லி ஊறிப்போன எச்சரிக்கை இது. அதே பெட்டியின் ஓரத்தில், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்காக அப்பா சாப்பிடும் பிரிகாபலின் மூன்று மாதத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. உரிய அனுமதி இல்லாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால், விளக்கம் சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையமாகவும் இருக்கலாம்.

பிரிகாபலினை நம்மூரில் நரம்பு வலிக்கான மருந்தாகத்தான் அதிகம் அறிவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 முதல் அது மனப்பதற்ற நோய்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அதனால்தான் இந்தக் கட்டுரைக்குள் முதலில் வந்துவிட்டது. கேள்வி இதுதான்: பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் முறைப்படி எழுதிக்கொடுத்த மாத்திரையோடு வெளிநாடு போகலாமா? போகலாம். லட்சக்கணக்கானவர்கள் போய்வருகிறார்கள், பெரும்பாலோருடைய பையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் எந்த மருந்து, எந்த நாடு, எத்தனை மாத்திரை, கையில் என்ன காகிதம் என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தப் ‘போகலாம்’ முழுமையாகாது. பல நாடுகளின் விதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்குப் படுவது இது: ஒரு மருந்தின் மேல் ஒரு நாட்டுக்கு இருக்கும் பயத்தை அந்த மருந்தின் வீரியத்தைக்கொண்டு ஊகிக்க முடியாது. அந்த நாட்டுத் தெருக்களில் அது என்ன பாடு படுத்தியது என்ற பழங்கதையைத் தெரிந்துகொண்டால் ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டு குடும்பங்கள்

பதற்றத்துக்குத் தரப்படும் மருந்துகளைப் பயணியின் கண்ணோடு பார்த்தால் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்சிட்டின், ஃபுளுவாக்ஸிட்டின் போன்றவை ஒரு பக்கம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நீண்ட காலம் கொடுக்கப்படுபவை இவை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். கைநடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் புரோப்ரனலால் ஒரு ரத்த அழுத்த மாத்திரை. இவை எதுவும் போதைப்பொருள் தொடர்பான உலக ஒப்பந்தங்களின் பட்டியலில் இல்லை. சில நாடுகள் தங்கள் உள்நாட்டுப் பட்டியலில் கூடுதலாக எதையாவது சேர்த்திருக்கலாம் என்பதால் ஒருமுறை ஒத்துப்பார்ப்பது நல்லது. அதோடு இவற்றைச் சாப்பிடுகிறவர்களின் கவலை முடிந்தது.

சிக்கல் இன்னொரு குடும்பத்தில். அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு என்று நீளும் பென்சோடயசிபைன் வகையறா. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசிபாக்சைடு 1960-இல் ‘லிப்ரியம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் ‘வேலியம்’ வந்தது. அதற்கு முன் புழங்கிய பார்பிட்யூரேட்டுகள் அளவு கொஞ்சம் கூடினாலே மூச்சை நிறுத்திவிடக்கூடியவை. அவற்றோடு ஒப்பிட்டால் இவை பரம சாது என்று உலகம் கொண்டாடியது. அடுத்த இருபது ஆண்டுகளில்தான் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் சங்கதி தெளிவானது. 1984-இல் 33 பென்சோடயசிபைன்களை ஒரே மூச்சில் ஐ.நா. தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பட்டியல் 1971-இல் வியன்னாவில் கையெழுத்தாகி 1976-இல் நடைமுறைக்கு வந்த மனமயக்கப் பொருள்கள் ஒப்பந்தத்துடையது. நான்கு அட்டவணைகளில் கடைசியானதும் கெடுபிடி குறைந்ததுமான நான்காவதில்தான் பென்சோடயசிபைன்கள் பெரும்பாலும் இருக்கின்றன. நோயாளி நாடு விட்டு நாடு போவார் என்பதை ஒப்பந்தத்தை எழுதியவர்கள் மறந்துவிடவில்லை. நான்காம் பிரிவு, சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் பயணிகள் கொண்டுபோவதை நாடுகள் அனுமதிக்கலாம் என்கிறது. அந்த மருந்து முறையாகப் பெறப்பட்டதுதானா என்று சோதித்துப் பார்க்கும் உரிமையையும் நாடுகளுக்குத் தருகிறது. ‘அனுமதிக்கலாம்’ என்று இருக்கிறதே தவிர ‘அனுமதிக்க வேண்டும்’ என்று இல்லை. சிறிய அளவு என்றால் எவ்வளவு என்பதும் சொல்லப்படவில்லை. 2003-இல் ஐ.நா. ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, முப்பது நாள் சிகிச்சைக்கான அளவு என்ற பொது வரையறையையும் ஒரே மாதிரியான சான்றிதழையும் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் போக்கில் ஒரு விதி வைத்திருக்க, வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றைத் திரட்டி வெளியிடுகிறது. பட்டியலைத் தேடிப் படிக்கும் வேலையை உலகம் நோயாளியின் தலையிலேயே கட்டிவிட்டது. அதுவும் பதற்ற நோயாளியின் தலையில்!

தெருவிலிருந்து வந்த சட்டங்கள்

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுத்த மெத்தாம்ஃபிட்டமின், போர் முடிந்ததும் ‘ஹிரோபோன்’ என்ற பெயரில் ஊரெல்லாம் கொட்டியது. அந்தக் கொள்ளைநோயை அடக்க 1951-இல் ஊக்கப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் வேகம் இன்றும் தணியவில்லை. அமெரிக்காவில் கவனக்குறைவுக் கோளாறுக்காகக் குழந்தைகளுக்குக்கூடத் தரப்படும் ஆம்ஃபிட்டமின் மாத்திரையை, எந்த மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. வலிநிவாரணிகளிலும் இதே கண்டிப்புதான். 2015 ஜூனில் டொயோட்டா நிறுவனத்தின் உயர்பதவியில் புதிதாக அமர்ந்த ஓர் அமெரிக்கப் பெண் அதிகாரி, தபாலில் வந்த ஆக்ஸிகோடோன் மாத்திரைகளுக்காகக் கைதானார். மூன்று வாரம் போலக் காவலில் இருந்து, வழக்குத் தொடரப்படாமல் விடுவிக்கப்பட்டார். அதற்குள் பதவி போய்விட்டது.

பென்சோடயசிபைன் விஷயத்தில் அதே ஜப்பான் தெளிவாகவும் ஓரளவு தாராளமாகவும் நடந்துகொள்கிறது. மருத்துவர் எழுதிய மருந்து எதுவானாலும் ஒரு மாத அளவுக்கு மேல் போனால் ‘யுன்யு ககுனின்-ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். மனமயக்க மருந்துகளுக்கு, அதற்கும் மேலாக, மில்லிகிராம் கணக்கில் ஓர் உச்சவரம்பு. அல்பிரசோலம் மொத்தம் 72 மில்லிகிராம், டயசிபாம் 1.2 கிராம். காலையும் இரவும் கால் மில்லிகிராம் அல்பிரசோலம் எடுப்பவருக்கு ஒரு மாதத்துக்கு 15 மில்லிகிராம்தான் ஆகும். வரம்புக்கு வெகு கீழே. கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விதி என்பதே பெரிய நிம்மதி. கடுமையான நாடு என்று பெயர் வாங்கியதால் பயந்துபோய் மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு டோக்கியோ போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

தாய்லாந்தின் கதை நேர்மாறானது. வாரக்கடைசி உல்லாசப் பயணம் போகிற ஊர், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. பானத்தில் அல்பிரசோலம் கலந்து மயக்கிக் கொள்ளையடிப்பதும் பலாத்காரம் செய்வதும் அங்கே பெரும் தலைவலியாகி, 2013-இல் அந்த ஒரு மருந்தை மட்டும் மற்றப் பென்சோடயசிபைன்களிலிருந்து பிரித்து, கடுமையான இரண்டாம் வகைக்கு ஏற்றினார்கள். இதன் விளைவு விநோதமானது. டயசிபாம் சாப்பிடுபவருக்கும் அல்பிரசோலம் சாப்பிடுபவருக்கும் பாங்காக்கில் விதி வேறு. இருவருக்கும் சென்னையில் எழுதிக்கொடுத்தவர் ஒரே மருத்துவராக இருக்கலாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த வில்லன் வேடத்தை ஏற்றது நிமெட்டசிபாம். ஜப்பானில் தூக்க மருந்தாகத் தயாரான ‘எரிமின் 5’ மாத்திரை, இந்த இரண்டு நாடுகளின் இரவு விடுதிகளில் வேறு வேலைக்குப் பயன்பட்டது. தயாரித்த நிறுவனம் 2015-இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் கள்ளச் சந்தை ஓயவில்லை. தூக்க மாத்திரை என்ற வார்த்தையைக் கேட்டாலே அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவதற்கு இந்தப் பின்னணி காரணம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூருக்குக் கொண்டுபோகும் மருந்துக்கு அந்நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கிளம்புவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். பாலிக்குப் போகிறவர்கள், இந்தோனேசியாவின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அல்பிரசோலம் மனமயக்கப் பொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதை அறிந்துகொள்வது நல்லது. நம் கண்ணுக்கு முற்றிலும் அப்பாவியாகத் தெரியும் மருந்துகூட எங்காவது ஓரிடத்தில் சிக்கவைக்கும். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் டைஃபென்ஹைட்ரமினுக்காக ஜாம்பியாவில் வெளிநாட்டவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

மேற்கு நாடுகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் பென்சோடயசிபைனோடு வருபவர் மூன்று மாத அளவுக்குள் கொண்டுவந்து, மருத்துவரின் கடிதமும் வைத்திருந்தால் உரிமம் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் மூன்று மாதம்தான் கணக்கு. வருகை அட்டையில் மருந்து இருக்கிறது என்று ஒளிக்காமல் குறித்துவிட வேண்டும். அமெரிக்காவில் மருந்தை அது விற்கப்பட்ட உறையிலேயே வைத்துச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 75-ஆம் பிரிவின்படி, அங்கே வசிப்பவர் தன் நாட்டு அதிகாரியிடம் முப்பது நாள் செல்லுபடியாகும் சான்றிதழை வாங்கிக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகலாம். பாரிஸிலோ பெர்லினிலோ குடியிருக்கும் தமிழருக்கு இது பயன்படும். சென்னையிலிருந்து போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு மருத்துவர் கடிதம்தான் துணை.

வளைகுடா: தங்குபவரும் கடப்பவரும்

நம் வாசகர்களில் அதிகம் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது வளைகுடா விதிகள்தான். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், ஹஜ், உம்ரா பயணிகள், லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் போகும் வழியில் துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறுகிறவர்கள் என்று எல்லோரும் அந்த வாசலைத் தொட்டுத்தான் போகிறார்கள். அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு இணையவழியில் முன் அனுமதி வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் பதிவேற்றி விண்ணப்பிக்கலாம். சவூதியிலும் மருந்து ஆணையத்தின் வழியே இதே போன்ற அனுமதி உண்டு. கத்தாரிலுள்ள இந்தியத் தூதரகம், அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம், சோல்பிடெம், பிரிகாபலின், டிராமடால் போன்ற பெயர்களைப் பட்டியலிட்டே நம் மக்களை எச்சரித்திருக்கிறது. வழக்குகள் வந்து வந்து அலுத்த பிறகுதான் ஒரு தூதரகம் இப்படிப் பெயர் சொல்லி எழுதும்.

‘நான் இறங்கப்போவதில்லை, விமானம்தானே மாறுகிறேன்’ என்பது பலரும் சொல்லும் சமாதானம். விமானம் மாறும் இடத்திலும் அந்த நாட்டுச் சட்டம்தான் நடக்கிறது. கைப்பை அங்கே மறுபடி ஸ்கேனருக்குள் போகிறது. விமானம் ரத்தாகி, ஹோட்டலுக்கு அனுப்ப விசா குத்தி வெளியே விட்டால், பயணி அந்த நாட்டுக்குள் நுழைந்தவராகிவிடுகிறார். லண்டனுக்கு வேண்டிய கடிதம் தோஹாவுக்கும் செல்லும்படி இருக்க வேண்டும். அல்லது வளைகுடாவைத் தொடாத விமானத்தைப் பார்க்கலாம். டிக்கெட் விலையோடு இதையும் ஒரு செலவாக எண்ணிப் பார்ப்பது தப்பில்லை.

அடுத்தது கொடுத்தனுப்புவது. ஊரிலிருந்து யாராவது கிளம்புகிறார்கள் என்றால் முறுக்கு, ஊறுகாயோடு ஒரு மருந்துக் கவரும் சேரும். “தம்பி, நம்ம மாமாவுக்கு அந்த ஊர்ல இந்த மாத்திரை கிடைக்க மாட்டேங்குதாம், ஒரு நாலு அட்டைதான்” என்று கேட்டால் முகத்தை முறிக்க முடியாது. அந்த நாலு அட்டை எந்தக் கடிதத்தாலும் காப்பாற்றப்படாது. சொந்த உபயோகத்துக்கு என்று சட்டம் தரும் சலுகை, மருந்து யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். 2017-இல் எகிப்தின் ஹர்கடா விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் பெண் 290 டிராமடால் மாத்திரைகளோடு பிடிபட்டார். முதுகுவலிக்காரரான தன் துணைவருக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். எகிப்தில் டிராமடால் போதைப்பொருளாகப் பரவிக் குடும்பங்களைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஊரில் அது மருத்துவர் எழுதித்தரும் சாதாரண வலி மாத்திரை.

நம் கையிலிருக்கும் காகிதம்

அயல்நாட்டு அதிகாரி கேட்பது மிகச் சாதாரணமான விஷயம்: இந்த மருந்து என்ன, இது யாருடையது, எத்தனை நாளுக்கு, யார் எழுதிக் கொடுத்தது. நம்மூர் மருந்து வாங்கும் முறை இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைக்காதபடி அமைந்திருக்கிறது.

அல்பிரசோலம் அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத் தகட்டில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் அதன் அருகே சிறியதாக. இடது மேல்மூலையில் சிவப்பில் ‘என்ஆர்எக்ஸ்’ என்ற குறி. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதற்கு அடையாளமாக மருந்து விதிகள் கட்டாயமாக்கிய குறி அது. பல ஆண்டுகளாக இந்த மாத்திரையைப் போடுகிறவர்கள்கூட அதைக் கவனித்திருப்பதில்லை. மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஆறைக் கத்தரித்துக் கொடுக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த மூலையும், காலாவதித் தேதியும், பாட்ச் எண்ணும்தான். மிஞ்சுவது பெயர் பாதி அறுந்த வெள்ளித்தகடு. சில கிளினிக்குகளில் மருத்துவரே மாத்திரையைப் பிரித்துச் சிறு காகிதக் கவரில் போட்டு ‘இரவு 1’ என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் கவரோடு ரியாத் விமான நிலையத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் அரசு மருத்துவமனை அட்டை எவ்வளவோ மேல். அரசின் கொள்முதல் மருந்தின் உண்மைப் பெயரில்தான் நடக்கிறது என்பதால், அட்டையிலும் அந்தப் பெயரே பளிச்சென்று இருக்கும்.

2014 மார்ச் முதல் நடைமுறையிலிருக்கும் ‘ஹெச்1’ அட்டவணைப்படி அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. பில் போடும்போது ‘பேரு சொல்லுங்க’ என்று கேட்டால் மருந்து வாங்கப் போன பையன் தன் பெயரைச் சொல்லிவிட்டு வருவான். நோயாளி அம்மா, பில் மகன் பெயரில், சீட்டு இரண்டு வருடம் பழையது. வீட்டுக்குள் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

பெயரில் இன்னொரு வில்லங்கம் தமிழர்களுக்கே உரியது. மருத்துவர் சீட்டில் ‘ஆர். செல்வி’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயரே குடும்பப் பெயராகி ‘ராமசாமி செல்வி’ என்று வரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரையும், முடிந்தால் பாஸ்போர்ட் எண்ணையும் போடச் சொல்லிவிடுவது இந்தப் பஞ்சாயத்தை வளரவிடாது.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது கூட்டு மாத்திரைகள். எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இந்திய மருந்துச் சந்தையில் சர்வசாதாரணம். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ‘ப்ளஸ்’ அல்லது ‘ஃபோர்ட்’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். சாப்பிடுகிறவரைக் கேட்டால் “மனசு லேசாகறதுக்கு ஒரு மாத்திரை” என்பார். அவர் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைத்தான் தினமும் விழுங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, பல சமயம் பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கும் தெரியாது. மேற்கு நாடுகளில் இப்படி ஒட்டிவைத்த மாத்திரை புழக்கத்தில் இல்லாததால், அங்குள்ள மருந்தாளருக்கும் அது புதிராகத்தான் இருக்கும். படபடப்புக்கான புரோப்ரனலாலோடு எட்டிசோலம் என்ற பதற்ற மருந்தைச் சேர்த்த மாத்திரையும் இருக்கிறது. அந்த வாலுக்குள் என்ன இருக்கிறது என்று அட்டையின் சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தே ஆக வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் வாங்க வேண்டியது பழைய சீட்டின் நகல் இல்லை, புதிதாக ஒரு கடிதம். கிளினிக்கின் லெட்டர்பேடில், ஆங்கிலத்தில், நோய் என்ன என்பதை ஒரு வரியிலும் மருந்தின் உண்மைப் பெயரையும் வீரியத்தையும் வேளைக் கணக்கையும் அடுத்த வரியிலும் எழுதி, பயணத் தேதிகளுக்கு மொத்தம் இத்தனை மாத்திரை என்று எண்ணிச் சொல்லி, மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணோடு கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். மருந்தின் உண்மைப் பெயரைப் புரியும்படி எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் சொன்னதை மருத்துவருக்கு நினைவூட்டக் கூச்சப்பட வேண்டாம். மருந்தைக் கத்தரிக்காத முழு அட்டைகளாக, பில்லோடு, கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மாத்திரையும் அதோடு போய்விடும். கிழமை எழுதிய பிளாஸ்டிக் மாத்திரை டப்பா வீட்டுக்கு அருமையான சாதனம், விமான நிலையத்துக்கு ஆகாது.

விட்டுவிட்டுப் போனால்?

இவ்வளவையும் கேட்டுப் பயந்துபோய், ‘பத்து நாள்தானே, மாத்திரை இல்லாமல் சமாளித்துக்கொள்வேன்’ என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது சுங்க அதிகாரியைவிடப் பெரிய ஆபத்து. பென்சோடயசிபைனைத் தொடர்ந்து எடுத்து வந்தவர் திடுமென்று நிறுத்தினால், அடங்கியிருந்த பதற்றம் பல மடங்காகத் திரும்பும். தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம்தான் ஆகிறது. அதாவது சென்னையில் இரவு போட வேண்டியதை விட்டுவிட்டு ஏறியவருக்கு, நியூயார்க்கில் இறங்கும்போதே உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கியிருக்கும். குளோனசிபாம் இன்னும் மெதுவாக இறங்கும், அதனால் தொல்லை ஓரிரு நாள் தள்ளிப்போகும். இந்த வகை மருந்து முழுவதற்கும், பழக்கமும் நிறுத்தினால் வரும் விளைவுகளும் பற்றிய எச்சரிக்கையைக் கட்டம்கட்டிப் போட வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் உத்தரவிட்டது.

ஒளித்துவைப்பதும் பயத்தின் இன்னொரு வடிவம். மனநல மருந்து சாப்பிடுவது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது, கூட வேலை பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வைட்டமின் பாட்டிலுக்குள் மாற்றிப் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஊர்வாய்க்குப் பயந்து செய்யும் இந்தக் காரியம், அதிகாரியின் கண்ணில் கடத்தலின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அவருக்கு நோயைப் பற்றி அக்கறை இல்லை. உறை ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று இருப்பதில்தான் அவருக்கு அக்கறை.

ஊர் திரும்புகிறவர்களுக்கும் விதி உண்டு என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் விதிகளில் 66-ஆவது, தனிநபர் தன் சிகிச்சைக்காக மனமயக்க மருந்தை ஒரே சமயத்தில் நூறு அலகு வரை வைத்திருக்கலாம் என்கிறது. நீண்ட காலச் சிகிச்சை என்று பதிவு பெற்ற மருத்துவர் குறிப்பாக எழுதியிருந்தால் முந்நூறு வரை போகலாம். நியூஜெர்சியிலிருந்து மூன்று மாத விடுமுறைக்கு மயிலாப்பூர் வரும் ஒருவர் நாளுக்கு இரண்டு லோரசிபாம் எடுப்பவரானால் 180 மாத்திரை ஆகிறது. அமெரிக்க மருந்துக்கடை டப்பா மட்டும் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீண்ட காலத் தேவை என்ற வாசகம் தாங்கிய கடிதம் அவருக்கும் வேண்டும்.

கடைசியாக எட்டிசோலம். ஜப்பானில் உருவான இந்தப் பதற்ற மருந்து, வேதிக் கட்டமைப்பில் பென்சோடயசிபைனின் நெருங்கிய உறவு. அதன் தாய்நாடே 2016-இல்தான் அதை மனமயக்கப் பட்டியலில் சேர்த்தது. உலக ஒப்பந்தத்தில் 2020-இல் சேர்ந்தது. இந்தியாவில் பொது மருத்துவர்களும் எழுதும் சாதாரண மாத்திரை அது. அமெரிக்காவிலோ அது மருந்தாக ஒருபோதும் அங்கீகரிக்கப்பட்டதே இல்லை. இணையத்தில் வாங்கி விழுங்குவதும், போலி மாத்திரைகளில் கலப்பதும் பெருகியதால், 2023 ஜூலையில் அந்நாட்டுப் போதைத் தடுப்பு நிர்வாகம் அதை முதல் அட்டவணையில் தற்காலிகமாக ஏற்றியது. ஹெராயின் இருக்கும் அட்டவணை அது. மருத்துவ உபயோகமே இல்லை என்று கருதப்படும் பொருள்களுக்கான இடம் என்பதால், எவ்வளவு நல்ல கடிதமும் அங்கே செல்லாது. அல்பிரசோலம் கொண்டுபோகிறவர் சுங்கத்தில் அறிவித்துவிட்டுப் போகலாம், எட்டிசோலம் கொண்டுபோகிறவருக்கு அந்த வழியே இல்லை.

மேற்படிப்புக்காக ஆகஸ்டில் அமெரிக்கா கிளம்பும் மாணவர்களில் சிலர், நுழைவுத் தேர்வுக் காலத்தில் தொடங்கிய இந்த மாத்திரையை இன்னும் விடாமல் இருப்பார்கள். அவர்கள் வேறு மருந்துக்கு மாற வேண்டும். பழையதைப் படிப்படியாகக் குறைக்கச் சில வாரம், சில சமயம் மாதங்கள். அதன் இடத்தில் வரும் எஸ்சிட்டலோபிராம் போன்ற ஒன்று வேலை செய்யத் தொடங்க நான்கைந்து வாரம். அது ஒத்துவராவிட்டால் இன்னொன்றை முயல மேலும் கொஞ்சம். டிக்கெட் போட்ட பிறகு மருத்துவரிடம் ஓடினால் இதற்கெல்லாம் நாள் போதாது. விசா நேர்காணலுக்குத் தேதி எடுக்கும் அதே வாரத்தில் மனநல மருத்துவரிடமும் தேதி எடுத்து, எந்த நாட்டுக்கு, எந்த ஊர் வழியாக, எத்தனை மாதத்துக்குப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர்களும் சீட்டெழுதும் முன் இதைக் கேட்கப் பழகலாம். ‘மாத்திரையை எங்கே வைத்துச் சாப்பிடப்போகிறீர்கள்’ என்ற கேள்வி, ‘சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா’ என்பதற்குப் பக்கத்திலேயே வரவேண்டிய ஒன்று.